49-க்கும் 50-க்கும் நடுவில்: பார்க் மேடையில் கன்ட்ரி பாஸ்

அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசைக்கு பாஸ் கிதார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) வாசிப்பது சுலபம் என்பார்கள். பாதி உண்மை. ஒரு கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துக்கு, பாஸில் இரண்டே சுரம்: மூலம், அதன் பஞ்சமம். தம்புராவில் நாள் முழுக்கக் கேட்கிற அதே ச-வும் ப-வும்தான். ஜி கார்டு என்றால் ஜி, டி. சி கார்டு என்றால் சி, ஜி. முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் பாஸ், இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் டிரம்மும் கிதாரும். பூம்-சக், பூம்-சக். அறைக்குள் உட்கார்ந்தால் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

அதையே பெங்களூரு ஓரத்தில் ஒரு அம்யூஸ்மென்ட் பார்க்கில் வாசிக்க வேண்டும் என்றால் கதை வேறு. ஒரு பக்கம் ரோலர் கோஸ்டர் தடதடக்கும், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர் உறுமும், நடுவில் நனைந்த டவலோடு குடும்பம் குடும்பமாக ஜனம் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சத்தங்களில் பெரும்பகுதி பாஸ் குடியிருக்கிற அதே தாழ்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது. வாசிக்கிறது இரண்டே சுரம், அந்த இரண்டும் போய்ச் சேராவிட்டால் அங்கே பாஸ் வாசிப்பவர் நிற்பதற்கே அர்த்தமில்லை. வால்யூமை ஏற்றினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது.

முதலில் கையைப் பற்றி. நம்மில் பலர் பாஸ் கிதார் என்று ஒன்று இருப்பதையே இளையராஜா பாடல்களில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அங்கே பாஸ் தனி மெட்டாகவே நடக்கும், பாட்டோடு பேசும், எதிர்ப்பேச்சும் பேசும். அதில் பழகிய கைக்கு கன்ட்ரி ஒரு தண்டனை மாதிரி இருக்கும். எட்டு பார் (நாலு அடி ஒரு பார்) ஜி-யும் டி-யும் மட்டும் வாசித்துவிட்டு ஒன்பதாவது பாரில் விரல் தானாக எங்கோ ஓடப் பார்க்கும். ஓட விடக் கூடாது. திறந்த வெளியில் அடுக்கடுக்கான தாழ்சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பி, தூரத்தில் நிற்பவருக்கு வெறும் உறுமலாகத்தான் கேட்கும்.

கன்ட்ரி பாஸில் சுரத்தைத் தட்டுவதைவிட அதை நிறுத்துவதில்தான் வித்தை இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் ஓர் அடி அரை செகண்டு. முதல் அடியில் தட்டிய ஜி, இரண்டாம் அடியில் ஸ்னேர் விழுகிற நொடியில் அடங்க வேண்டும். முந்தினால் பாட்டு நொண்டும். பிந்தினால் ஸ்னேரை மூடிவிடும். மிருதங்கத் தொப்பியில் அடித்த கையாலேயே நாதத்தை அடக்குகிற மாதிரி, இடது கை விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். விரலை முழுவதும் எடுத்தால் திறந்த தந்தி முனகும். டி-க்கு திறந்த தந்தியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இடது கையில் தளர்த்த எதுவும் இல்லை, தந்தி தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஏ தந்தியின் 5-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டையில்) டி-யைப் பிடிப்பது மேல்.

இதற்கு ஒரு பழைய உபாயம் ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் சொரசொரப்பான பச்சைப் பக்கத்தை உரித்துவிட்டு, நாலு தந்திக்கும் அடியில் போகிற நீளத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, பிரிட்ஜை (தந்திகளின் அடிமுனை தங்கும் பாகம்) ஒட்டிச் செருக வேண்டும். தந்தியை மேலே தள்ளாமல் லேசாகத் தொட்டால் போதும். இறுக்கிச் செருகினால் சுருதி ஏறும், சுரம் செத்துப்போகும். மெல்லிய ஜி தந்திதான் முதலில் செத்துப்போகும் என்பதால் அந்த முனையில் மட்டும் கொஞ்சம் செதுக்கிவிடலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாஸில் ஈ தந்தியின் 3-ஆவது ஃப்ரெட்டில் கிடைக்கிற ஜி 49 ஹெர்ட்ஸ். கன்ட்ரி பாடகர்கள் விழுந்து விழுந்து பாடுகிற சுருதி எது? ஜி. அதாவது ராத்திரி முழுக்க நீங்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போகிற சுரத்துக்கு மேலே, ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மின்சார இரைச்சல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் செகண்டுக்கு ஒருமுறை ஒலி பொங்கி அடங்கும். இரைச்சலின் அடுத்த படியான 100 ஹெர்ட்ஸும் அப்படியே, மேல் ஜி-யான 98-க்கு மிக அருகில். பாட்டு நடக்கும்போது இதை யாரும் இரைச்சல் என்று அடையாளம் காண மாட்டார்கள். 'பாஸ் ஸ்ருதி சேரலையே' என்றுதான் பாடகர் திரும்பிப் பார்ப்பார். ட்யூனர் பச்சை காட்டும். இரண்டு பேரும் சொல்வது சரி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அது பி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் இடையில் போய் விழுவதால் ஜி-யில் பாடுகிறவர்களுக்கு அங்கே இந்த வம்பு இல்லை.

ஜெனரேட்டரில் ஓடுகிற மேடையில் இன்னொரு வேடிக்கை. சுமை குறைவாக இருக்கும்போது பழைய டீசல் செட் 51, 52 வரை ஏறும். விளக்குகளையெல்லாம் போட்டதும் 50-க்கு இறங்கும். இரைச்சலும் கூடவே சுருதி மாறும். சவுண்டு செக்கில் இல்லாத உறுமல் ஷோவில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். கிதாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு கிதாருக்கு வெளியே, பெரும்பாலும் எர்த் லூப். வால்யூமோடு சேர்ந்து குறைந்தால், கிதாரோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். திசைக்குத் திசை கூடிக் குறைந்தால், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதைக் காற்றிலிருந்து பிடிக்கிறது. எந்தத் திசையிலும் மாறாமல், தந்தியைத் தொட்டால் மட்டும் அடங்கினால் கிதாருக்குள்ளே ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை.

எர்த் லூப் எப்படி வருகிறது? மேடையில் பாஸ் ஆம்ப் ஒரு சாக்கெட்டில். எதிரே இருபது, முப்பது மீட்டர் தள்ளி மிக்ஸர் வேறொரு லைனில். இரண்டு எர்த்துக்கும் இடையே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக மின்னோட்டம் ஓடும். பாஸை மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் அந்த ஷீல்டைத் துண்டிக்கத்தான். சொந்தமாக ஒரு டிஐ வாங்குவதென்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் வகையை வாங்குங்கள். மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபான்டம் பவரை நம்பி இருக்காது, லிஃப்ட் போட்டாலும் வேலை செய்யும். பெங்களூரு சவுண்டு ஆட்களில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. 'அண்ணா, பாஸ் டிஐ-ல லிஃப்ட் போட்டுப் பாக்கலாமா?' என்று பதமாகக் கேட்டால் ஒரு நிமிட வேலை. 'உங்க லைன்ல ஹம் வருது' என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும்.

ஆனால் லூப்பை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதோ, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் செருகுவதோ கூடவே கூடாது. ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் இருக்கும் வேலை இது. இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் இருந்தால் பாய்கிற வழி உங்கள் உடம்பு. பார்க்கில் தரை ஈரம், கார்ப்பெட் ஈரம், மேடை ஏறி செல்ஃபி கேட்கிற பிள்ளைகளும் ஈரம். பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபேஸ் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்கலாம். அங்கே முப்பது, நாற்பது காட்டினால் எர்த்தே இல்லை என்று பொருள், எலெக்ட்ரீஷியன் வரும்வரை எதையும் செருக வேண்டாம். மேடை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிக்கப் விஷயத்தில் ப்ரிசிஷன் பாஸ் வகைக்குத்தான் என் ஓட்டு. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்தபோது அதில் ஒற்றைச் சுருள்தான். 1957-இல் அதை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக இணைத்தார்கள், அதனால் ஒரு பாதி பிடிக்கிற இரைச்சலை மறுபாதி அழித்துவிடும். ரைடு மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும் எல்இடி சுவர்களும் சூழ்ந்த இடத்தில் இது பெரிய நிம்மதி. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பாஸ் மாடல்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு பிக்கப்பையும் முழு வால்யூமில் வையுங்கள். ஒன்றைக் குறைத்த மாத்திரத்தில் இரைச்சல் திரும்பி வரும்.

அடுத்த வில்லன் எதிரொலி. மேடைக்கு எதிரே முப்பது மீட்டரில் ஒரு ரைடு ஷெட், தகரச் சுவரோடு. ஒலி போய்த் திரும்ப 60 மீட்டர், கிட்டத்தட்ட 175 மில்லி செகண்டு. 170 வேகத்தில், ரயில் ஓடுகிற மாதிரித் தாளத்தில் போகிற ட்ரெயின் பீட் பாட்டில் அரை அடியின் நீளம் 176. அதாவது நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு சுரமும் சுவரில் பட்டு, சரியாக அடுத்த அரை அடியில் உங்கள் காதில் இன்னொருவர் வாசிக்கிற மாதிரி விழும். அதோடு சேர முயன்றால் வேகம் இறங்கிக்கொண்டே போகும். இதற்கு மருந்து காதில் இல்லை, கண்ணில் இருக்கிறது: டிரம்மரின் வலது பாதத்தைப் பார்த்து வாசிப்பது, ஹை-ஹாட்டுக்கு ஒரு மீட்டருக்குள் நிற்பது. அந்தப் பாட்டின் வேகத்தை 160-க்கோ 180-க்கோ நகர்த்திவிட்டாலும் எதிரொலி அரை அடியிலிருந்து விலகும். சவுண்டு செக்கில் ஒற்றைக் கைதட்டு தட்டிப் பார்த்தாலே சுவர் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

பார்க் மேடை பெரும்பாலும் இரும்புச் சட்டத்தில் ப்ளைவுட் பரப்பியது. உள்ளே வெற்றிடம். பாஸ் கேபினெட்டை அதன் மேல் நேராக வைத்தால் மேடையே ஒரு மத்தளம். 60-இலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் மும்மடங்கு பெருத்துக் கேட்கும். கூல்டிரிங்க் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் கேபினெட்டை வைத்தால் பாதி அடங்கும், ஸ்பீக்கர் முழங்கால் உயரத்திலிருந்து காது பக்கமாக ஏறுவதால் வால்யூமையும் குறைக்கலாம்.

டோனுக்கு வருவோம். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பழைய ஒலிப்பதிவுகளில் பல நேரம் பாஸ் வாசித்தது ஒருவர் அல்ல, இருவர். பாப் மூர் போன்றவர்கள் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய அப்ரைட் பாஸில் ஆழத்தைக் கொடுப்பார்கள். ஹெரால்டு பிராட்லி போன்றவர்கள் ஆறு தந்தி பாஸ் கிதாரில், உள்ளங்கையால் அடக்கி, பிக்கால் அதே சுரங்களை 'டிக் டிக்' என்று தட்டுவார்கள். அதற்கு டிக்-டாக் பாஸ் என்றே பெயர். சின்ன ரேடியோவிலும் பாஸ் தெளிவாகக் கேட்க அந்த 'டிக்' உதவியது. காது மேல் அலைகளைக் கேட்டே கீழே இருக்கும் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். பார்க்கில் அந்த இருவர் வேலையையும் ஒரே ஆள் செய்தாக வேண்டும். ஃப்ளாட்வவுண்டு (மேற்பரப்பு வழவழப்பான) தந்தி, ஸ்பாஞ்ச், மெத்தென்ற கட்டைவிரலுக்குப் பதில் தடித்த பிக். ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், 200-250 பகுதியைக் கொஞ்சம் குறையுங்கள், 700-800-ஐக் கொஞ்சம் தூக்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். ரோலர் கோஸ்டர் ஓடும்போது ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போய்க் கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.

ஐந்து தந்தி பாஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். பி தந்தியின் 3-ஆவது ஃப்ரெட்டில் கிடைக்கிற அடி டி 36.7 ஹெர்ட்ஸ். தாழ்சுரத்துக்கான சப் ஸ்பீக்கர் இல்லாமல் இரண்டு டாப் ஸ்பீக்கர் மட்டும் நிறுத்திய மேடையில் அது யாருக்கும் கேட்காது, ஆம்ப்பின் சக்தியை மட்டும் தின்னும். நாலு தந்தி போதும்.

ஒவ்வொரு பாட்டின் கார்டு வரிசையையும் எண்களில் எழுதி வைப்பது கட்டாயம். இந்த முறை 1950-களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கியது, பிறகு சார்லி மெக்காய் போன்றவர்களால் நாஷ்வில் முழுக்கப் பரவியது. கார்டின் பெயருக்குப் பதில், பாட்டின் சுருதியை 1 என்று வைத்து எண்ணி 1, 4, 5. மைனருக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. முழு பாரும் ஒலிக்க விட வேண்டிய கார்டுக்கு வைர வடிவம். சரிகம தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை, சுருதி எங்கே மாறினாலும் ச ச-தான். பாடகருக்குத் தொண்டை கட்டி 'இன்னிக்கு எஃப்-ல போலாம்' என்றால் தாள் அப்படியே இருக்கும். கிதார்காரர் கேப்போ (கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்தும் கிளிப்) போடுகிறபோதுதான் விபத்து. 2-ஆவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவம் பிடிப்பவர் 'ஜி' என்று கத்துவார், வருவது ஏ. வடிவத்தைச் சொல்லாதே, ஒலிக்கிற சுருதியைச் சொல் என்று முதல் ஒத்திகையிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். காற்றில் தாள் பறக்கும், துணிக் கிளிப் நாலு எடுத்துப் போங்கள்.

1-இலிருந்து 4-க்குப் போகும் பாரில் மட்டும் கைக்கு ஒரு சலுகை உண்டு. முதல் அடியில் ஜி, மூன்றில் திறந்த ஏ, நாலில் பி, அடுத்த பார் சி-யில் இறங்கு. இந்த நடைக்குத்தான் ஆட்கள் தலையாட்டுவார்கள். பாட்டுக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

ஷஃபிள் பாடல்கள் நம் திஸ்ர நடைதான், அதிகம் சொல்லத் தேவையில்லை. முக்கால் தாள வால்ட்ஸ் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். 1882-இல் ஆங்கிலோ-இந்தியக் குடியிருப்பாகவே ஒயிட்ஃபீல்டு உருவான ஊர் இது. கன்டோன்மென்ட் பக்கத்துத் தாத்தா பாட்டிகளுக்கு கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் தலைகீழ்ப் பாடம், பேரனை ரைடுக்கு அனுப்பிவிட்டு மேடைக்கு முன்னால் வந்து உட்காருபவர்கள் அவர்கள்தான். மற்றவர்கள் நடந்துகொண்டே கேட்பவர்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பத்து செகண்டு மௌனம் விழுந்தால் போயே விடுவார்கள். பாடகர் பேசும்போது டிரம்மரும் பாஸும் மெதுவாக ஒன்று-ஐந்து ஓட்டிக்கொண்டிருப்பது நல்லது. ஒரு கன்னடப் பாட்டும் பூம்-சக் நடையில் தயாராக இருக்கட்டும், கேட்காமல் விட மாட்டார்கள்.

குழந்தை காணோம் என்ற அறிவிப்பு வந்தால் முதலில் நிற்க வேண்டியது பாஸ்தான். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள பேச்சொலியை மூடிவிடும். கிதார் ஓடினாலும் பெயர் காதில் விழும், பாஸ் ஓடினால் விழாது.

கவ்பாய் தொப்பி போடச் சொன்னால் போடுங்கள், ஆனால் அதன் விளிம்பு பாடகரை நோக்கித் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியைப் பிடித்து மைக்குக்குள் திருப்பும், ஊளையிடும். கோரஸ் பாடும்போது தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான்.

சுருதி விஷயம். ஏசி அறையில் ட்யூன் செய்து மேடைக்கு வந்தால் தந்தி சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். டிசம்பரில் ஏழு மணிக்கு மேல் பெங்களூரு குளிர ஆரம்பித்தால் ஏறும். ஷோவுக்கு அரை மணி முன்பே கிதாரை மேடை நிழலில் வைத்துவிட்டு, ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் ட்யூனர் பெடலைப் பாருங்கள். பார்வையாளர் உள்ளே வரும் முன்பே வண்டியை வெளியேற்றச் சொல்வார்கள், அதனால் காலை ஒன்பதுக்கே சாமான் இறக்க வேண்டி வரலாம். மைசூர் ரோட்டுப் பக்கம் என்றால் பிடதியில் தட்டு இட்லி சாப்பிட நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதுவரை கிதார் கார் டிக்கியில் வெயிலில் வேகக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் பெரிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று. வயர்லெஸ் வேண்டாம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை காலி மைதானத்தில் அருமையாக வேலை செய்யும், ஆயிரம் போன் வந்ததும் விட்டு விட்டுக் கேட்கும். ஆறு மீட்டர் கேபிள் இரண்டு.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, மாநில அரசு தனியாகத் தளர்த்தும் சில நாட்களைத் தவிர. கடைசிப் பாட்டை 9.50-க்கு முடிக்கிற மாதிரி வரிசை போடுங்கள், 'இன்னொண்ணு' என்று கேட்பார்கள்.

முடிந்ததும் கேபிளைப் பிடுங்க அவசரம் வேண்டாம். சவுண்டுக்காரர் சேனலை மியூட் செய்து கை காட்டட்டும். இல்லையென்றால் பெரிய ஸ்பீக்கரில் 'டம்' என்று ஒரு வெடி, தோளில் தூங்குகிற குழந்தைகள் எழுந்துவிடும். ஆக்டிவ் பாஸ் என்றால் ஜாக் செருகியிருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டேயிருக்கும். ஜாக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பாஞ்சையும் உருவி எடுத்துவிட்டு, தந்தியைத் துடைத்துப் பையில் போடுங்கள். வேர்வை ஊறிய ஸ்பாஞ்ச் பிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்தால் அடியில் துரு பிடித்திருக்கும்.